டன்ஜன் டைல்களைக் கையால் செய்வது: தெர்மாகோல் சரிப்படுமா?

பகடைப்பித்தன் (கேள்வி):

வணக்கம். நாங்கள் ஐந்து பேர் கடந்த ஓராண்டாக வேளச்சேரியில் நண்பர் ஒருவரின் மொட்டைமாடி அறையில் ஞாயிறுதோறும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (நிலவறைகளில் வீரர்களாகச் சாகசம் செய்யும் கதையாட்டம்) ஆடி வருகிறோம். ஆட்டத்தை நடத்தும் பொறுப்பு என்னுடையது. ஓர் அங்குலக் கட்டம் போட்ட சார்ட் பேப்பரில் ஸ்கெட்ச் பேனாவால் அறைகளையும் நடைவழிகளையும் வரைந்து, அதன் மேல் மினியேச்சர்களை (வீரர்களின் சிறு உருவப் பொம்மைகளை) நகர்த்தியே இதுவரை சமாளித்தோம். தாளுக்குப் பதிலாகக் கல் பாவிய தரையும் சுவரும் கொண்ட டைல்களை, அதாவது சேர்த்து வைத்து நிலவறையாக்கும் துண்டுகளை, நானே செய்துவிடலாம் என்று அண்மையில் இறங்கினேன். டுவார்வன் ஃபோர்ஜ் போன்ற நிறுவனங்களின் ஆயத்த டைல்களை அமெரிக்காவிலிருந்து வரவழைத்துச் சுங்கமும் கட்டும் வசதி எங்கள் குழுவுக்கு இல்லை.

முதல் முயற்சி படுதோல்வி. ஸ்டேஷனரி கடையில் ஓர் அங்குலத் தெர்மாகோல் வாங்கி, ஆறங்குலச் சதுரமாக வெட்டி, பால்பாயிண்ட் பேனாவால் அழுத்திக் கல் வரிசை வரைந்தேன். கோடு போகும் இடமெல்லாம் வெள்ளை மணிகள் உதிர்ந்தன. அதைப் பொறுத்துக்கொண்டு கறுப்பு ஸ்ப்ரே பெயிண்ட் அடித்தேன். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேற்பரப்பு குழிகுழியாகக் கரைந்து, மழையில் நனைந்த பொரி உருண்டை போல் ஆகிவிட்டது.

அனுபவம் உள்ளவர்களிடம் மூன்று விஷயங்களைக் கேட்க விரும்புகிறேன். தெர்மாகோலை விட்டால் இங்கே எளிதில் கிடைக்கும் பொருள் எது? சுவரை எவ்வளவு உயரம் வைப்பது? ஆட்டத்தின் நடுவில் டைல்கள் விலகி ஓடாமல் இருக்க என்ன செய்கிறீர்கள்?

கரிக்கோல்:

உங்கள் தெர்மாகோலைக் கரைத்தது நிறமன்று, ஸ்ப்ரேயில் உள்ள கரைப்பான். தெர்மாகோல் என்று நாம் சொல்வது பாலிஸ்டைரீன். அசிட்டோன், டொலுவீன் வகைக் கரைப்பான்கள் பட்டவுடன் அது இளகிச் சரிந்துவிடும். ஃபெவிபாண்ட் போன்ற ரப்பர் பசைகளும், நொடியில் ஒட்டும் ஃபெவிகுவிக்கும் கூட அதை அரிக்கும் என்பதால், ஒட்டுவதற்கு வெள்ளை ஃபெவிகால் ஒன்றையே நம்புங்கள். காய நேரமாகும் என்பதைத் தவிர அதில் குறையில்லை.

மணி உதிர்வது வேறு சிக்கல். தெர்மாகோல் என்பது சிறு சிறு மணிகளை அச்சில் இட்டு நீராவியால் ஊதவைத்து ஒன்றோடொன்று ஒட்டச்செய்த பலகை. பேனா முனை பட்டால் மணியும் மணியும் சேருமிடத்தில்தான் அது பிளக்கும். அதே பாலிஸ்டைரீனை உருக்கி, வாயு கலந்து, இடுக்கு வழியே பிதுக்கிப் பலகையாக்கினால் கிடைப்பது எக்ஸ்பிஎஸ் (XPS) என்ற நுரைப்பலகை. அதன் கண்ணறைகள் மிக நுண்ணியவை, சீரானவை. பேனாவால் கோடு போட்டால் கோடாகவே நிற்கும். கல்லால் அழுத்தினால் கல்லின் சொரசொரப்பு அப்படியே பதியும். இந்தக் கைவேலையில் ஈடுபடுபவர்கள் உலகெங்கும் இதைத்தான் முதலில் தேடுகிறார்கள்.

சென்னையில் ஸ்டேஷனரி கடைகளில் இதைத் தேடி அலையாதீர்கள். மொட்டைமாடியில் வெப்பம் இறங்காமலிருக்க ஓட்டுக்கு அடியில் பதிக்கும் பலகை இதுவே. குளிர்பதனக் கிடங்கு கட்டுபவர்களும் பயன்படுத்துகிறார்கள். அத்தகைய வேலை நடக்கும் இடத்தில் மேஸ்திரியிடம் கேட்டால் வெட்டி எறிந்த துண்டுகளையே கொடுத்துவிடுவார். நான் இதுவரை செய்த நாற்பது டைல்களில் பாதிக்கு மேல் அப்படி வந்தவைதான். துண்டு பெரும்பாலும் இரண்டங்குலத் தடிமனில் இருக்கும் என்பதால், நிக்ரோம் என்ற உலோகக் கலவைக் கம்பியை மின்சாரத்தால் சூடாக்கி வெட்டும் கருவி ஒன்று தேவைப்படும். அந்தப் புகையை மூக்கருகே வைத்துக்கொள்ளாமல் சன்னலைத் திறந்து வைத்து, மின்விசிறி காற்றை வெளியே தள்ளும்படி உட்கார்ந்து வெட்டுங்கள். கத்தியால் வெட்டுவதென்றால் புதிய பிளேடைப் போட்டு, ஒரே மூச்சில் அழுத்தாமல் மூன்று நான்கு முறை மெல்ல இழுங்கள். மழுங்கிய பிளேடு எக்ஸ்பிஎஸ்ஸையும் பிய்த்துவிடும்.

தரைக்கு ஆறு முதல் பன்னிரண்டு மில்லிமீட்டர் போதும். ஓர் அங்குலம் என்பது ஆட்டத்தில் ஐந்தடி என்பதால் முதலில் ஸ்கேல் வைத்து அங்குலக் கட்டத்தைப் பேனாவால் ஆழமாகப் போட்டுக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொரு கட்டத்தையும் இரண்டு மூன்று கற்களாகக் கையாலேயே பிரியுங்கள். இங்கே ஸ்கேல் வேண்டாம், கை நடுங்கினால் கல் இன்னும் பழையதாகத் தெரியும். அலுமினியத் தாளைக் கசக்கி உருண்டையாக்கிப் பரப்பெங்கும் உருட்டினால் கல்லின் மேடுபள்ளம் வந்துவிடும். இரண்டொரு கல்லை விரலால் சற்று அதிகமாக அழுத்தி, ஒரு மூலையைக் கிள்ளி எடுத்துவிடுங்கள்.

நிறத்துக்கு வருவோம். கறுப்பு அக்ரிலிக் அல்லது சுவருக்கு அடிக்கும் கறுப்பு எமல்ஷனையும் ஃபெவிகாலையும் சமமாகக் கலந்து, சிறிது நீர் விட்டு, வெட்டிய விளிம்புகள் உட்பட எல்லாப் பக்கமும் தூரிகையால் பூசுங்கள். இது அடிநிறமாகவும் கெட்டியான மேலோடாகவும் ஆகிவிடும். கல் வரிகளுக்குள் நிற்கும் கறுப்பே பின்னர் நிழலாகவும் தெரியும். காய்ந்தபின் நடுத்தரச் சாம்பல் நிறத்தைத் தூரிகையில் தொட்டு, துணியில் நன்றாகத் துடைத்து, ஏறக்குறைய வெறும் தூரிகையாக ஆனதும் மேலோட்டமாகத் தேய்த்தால் மேடுகளில் மட்டும் நிறம் ஏறும். அதன்மேல் இன்னும் வெளிர்ந்த சாம்பலை இன்னும் குறைவாகத் தேயுங்கள். புதிதாகச் செய்பவர்கள் எல்லோரும் இங்கேதான் தவறுகிறார்கள்: துடைத்தது போதுமென்று தோன்றும்போது இன்னொரு முறை துடைக்க வேண்டும். கடைசியாகப் பழுப்பை நீராகக் கரைத்து ஓடவிட்டால் கல்லுக்கு அழுக்கும் வயதும் வந்துவிடும்.

சுண்ணாம்புச்சாந்து:

கரிக்கோல் சொன்னதில் பிழையில்லை என்றாலும், நுரைப்பலகைக்கு எடையே கிடையாது என்பதை அவர் சொல்லாமல் விட்டுவிட்டார். ஆறங்குலச் சதுரமும் பன்னிரண்டு மில்லிமீட்டர் தடிமனும் கொண்ட எக்ஸ்பிஎஸ் டைல் பத்து கிராம்கூட இருக்காது. மின்விசிறியைக் கூட்டினால் கோட்டையே நகரும். அதே அளவைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் வார்த்தால் ஏறத்தாழ 300 கிராம் வரும், வைத்த இடத்தில் கிடக்கும். அமெரிக்காவில் புரூஸ் ஹர்ஸ்ட் என்பவரின் ஹர்ஸ்ட் ஆர்ட்ஸ் நிறுவனம் விற்கும் சிலிக்கோன் அச்சுகளைக் கொண்டு, சிறு செங்கல்களாக வார்த்து ஒட்டி முழு நிலவறைகளையே கட்டியவர்கள் பலர். அந்த வழி எனக்கு நெடுநாள் பழக்கம்.

அச்சை நாமே செய்துகொள்ளலாம். எக்ஸ்பிஎஸ்ஸில் ஒரு டைலை மட்டும் பொறுமையாகச் செதுக்கி, சுற்றிலும் அட்டைச் சுவர் எழுப்பி, வினையூக்கி கலந்த சிலிக்கோனை ஊற்றினால் மறுநாள் அச்சு தயார். மூலத்தைக் களிமண் வகைப் பொருளில் செய்பவர்கள் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கந்தகம் கலந்த மாடலிங் களிமண்ணைத் தொட்டால் பிளாட்டினம் வினையூக்கியால் இறுகும் வகைச் சிலிக்கோன் இறுகாமல் பிசுபிசுவென்றே நின்றுவிடும். இதற்கு நான் இழந்தது அரைக் கிலோ சிலிக்கோன்.

வார்க்கும்போது தண்ணீரில் தூளைத் தூவுங்கள். தூளில் தண்ணீரை ஊற்றினால் கட்டி தட்டும். சாதாரணப் பிளாஸ்டருக்கு நூறு பங்கு தூளுக்கு ஐம்பது பங்கு நீர் என்ற எடைக்கணக்கு சரியாக இருக்கும். ஆனால் அது மூலை உடையும் சரக்கு. பல் மருத்துவப் பொருள்கள் விற்கும் கடைகளில் டென்டல் ஸ்டோன் என்று கேளுங்கள். அதுவும் ஜிப்சம்தான், ஆனால் நூறுக்கு முப்பது பங்கு நீரே போதுமென்பதால் இறுகியபின் மிக உறுதியாக நிற்கும். மீந்த கலவையைச் சமையலறைத் தொட்டியில் கழுவி ஊற்றிவிடாதீர்கள். குழாய்க்குள் இறுகிவிட்டால் பிளம்பர்தான் வரவேண்டும். வாளியிலேயே இறுகவிட்டு உடைத்துக் குப்பையில் போடுங்கள்.

வடலி:

ரொறன்ரோவிலிருந்து எழுதுகிறேன். இங்கே கட்டுமானப் பொருள் கடைக்குப் போனால் இரண்டடிக்கு எட்டடி இளஞ்சிவப்பு எக்ஸ்பிஎஸ் பலகை சாதாரணமாகக் கிடைக்கும். ஒரு பலகையில் ஆறங்குலச் சதுரங்கள் அறுபத்துநான்கு வெட்டலாம். இவ்வளவு மலிவாகக் கிடைத்ததே எனக்கு வினையாயிற்று. முதல் குளிர்காலத்தில் அறுபத்துநான்கையும் வெட்டி, எல்லாவற்றுக்கும் இரண்டங்குல உயரத்தில் சுவர் வைத்து, நிறம் பூசி முடித்தேன். முதல் ஆட்டத்தில் மேசையின் எதிர்ப்பக்கம் இருந்தவர்களுக்குத் தங்கள் வீரர் எங்கே நிற்கிறார் என்றே தெரியவில்லை. எழுந்து எழுந்து எட்டிப் பார்த்தார்கள். ஒரு கிழமை கழித்துப் பாதிச் சுவர்களை வெட்டி எறிந்தேன்.

ஆகவே சுவரைப் பற்றிய உங்கள் கேள்விக்கு என் பதில், அரை அங்குலத்துக்கு மேல் போகாதீர்கள் என்பதே. இங்கே சிலர் இதை இரண்டரைப் பரிமாணம் என்று வேடிக்கையாக அழைக்கிறார்கள்: தரை தட்டை, சுவர் ஒரு வரம்பு மாத்திரம். அது எங்கே சுவர் என்று காட்டினால் போதும். மீதியை ஆடுபவரின் மனம் எழுப்பிக்கொள்ளும். குள்ளச் சுவருக்கு மேலால் கையை நீட்டி மினியேச்சரை எடுப்பதும் எளிது.

அடுத்தது, சுவர் எந்த இடத்தில் நிற்கிறது என்பது. நான்கு கட்ட அகலமுள்ள டைலின் மேல் அரை அங்குலத் தடிமனில் இருபுறமும் சுவரை ஒட்டினால், மிஞ்சுவது மூன்று கட்டந்தான். மனித அளவு மினியேச்சரின் அடித்தட்டு பெரும்பாலும் 25 மில்லிமீட்டர், கட்டமோ 25.4 மில்லிமீட்டர். இடைவெளியே இல்லை என்பதால் சுவரோரக் கட்டத்தில் உருவம் சாய்ந்துதான் நிற்கும். சுவரைக் கட்டங்களுக்கு வெளியே நிறுத்துங்கள், அல்லது தரையோடு ஒட்டாமல் தனித் துண்டுகளாகவே செய்து தேவையான இடத்தில் வையுங்கள். இரண்டாவது வழியில் ஒரே தரை இன்று அறையாகவும் நாளை முற்றமாகவும் ஆகும். சிலர் கட்டத்தையே ஒன்றேகால் அங்குலமாக்கிவிடுகிறார்கள். அழகாகத்தான் இருக்கும், ஆனால் பிறகு வேறு எவருடைய டைலோடும் அது பொருந்தாது.

எத்தனை செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். இரண்டங்குல அகல நடைவழி எட்டு, நான்கங்குலச் சதுரம் ஆறு, ஆறங்குலச் சதுரம் நான்கு, இவற்றோடு ஏழெட்டுத் தனிச்சுவர்களும் மூன்று கதவுகளும். பழைய சாகச வரைபடங்களில் ஒரு கட்டம் பத்தடி என்றே பெரும்பாலும் போட்டிருப்பார்கள்; அவற்றை ஆடுவதென்றால் ஒரு கட்டத்துக்கு மேசையில் இரண்டங்குலம் வேண்டும் என்பதால் இரண்டங்குல மடங்குகளே கைகொடுக்கும். முழு நிலவறையையும் ஒரே நேரத்தில் பரப்ப வேண்டியதில்லை. வீரர்கள் கதவைத் திறக்கும்போது அடுத்த அறையை வையுங்கள். அவர்கள் கடந்து வந்த அறையை எடுத்து அதற்கே பயன்படுத்துங்கள்.

சுண்ணாம்புச்சாந்து அவர்களின் டைல்கள் அழகானவை என்பதில் ஐயமில்லை. ஆனால் இருபது டைல் என்றால் ஆறு கிலோ. ஞாயிறுதோறும் நண்பர் வீட்டு மாடிக்கு அதைத் தூக்கிச் செல்லப்போவது கேள்வி கேட்டவர்தான். வழுக்குவதைத் தடுக்க எடை தேவையில்லை. சமையலறை இழுப்பறைகளில் விரிக்கும் வலைபோன்ற ரப்பர் விரிப்பை மேசையில் போட்டு, அதன்மேல் டைல்களை வையுங்கள். காந்தம் பதிக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். ஒவ்வொரு விளிம்பிலும் துருவம் மாறாமல் பதிப்பது பெரும் சோதனை, ஒன்று பிசகினாலும் டைல்கள் ஒன்றையொன்று தள்ளும். சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் அத்தகைய சிறிய காந்தங்கள் ஆபத்தானவையும்கூட.

பகடைப்பித்தன்:

மூவருக்கும் நன்றி. எங்கள் தெருவின் கோடியில் மாடி வேலை நடக்கும் வீட்டில் கேட்டதில் ஒரு கோணிப்பை நிறையத் துண்டுகள் கிடைத்தன. வடலி சொன்ன கணக்கில் பாதியைச் செய்து முடித்திருக்கிறேன். ரப்பர் விரிப்பு அருமையாக வேலை செய்கிறது. இருபது முகப் பகடை உருண்டு வந்து மோதியும் டைல் அசையவில்லை. ஒட்டாத சுவர்களையே வைத்துக்கொண்டேன்.

இரண்டு புதிய தொல்லைகள். ஆறு மில்லிமீட்டர்த் தரை வளையும் என்று அஞ்சி, அடியில் பைண்டிங் செய்பவர்கள் பயன்படுத்தும் தடித்த அட்டையை ஒட்டினேன். காய்ந்தபின் மூலைகள் அப்பளம் போல் மேலே தூக்கிக்கொண்டன. இன்னொன்று, முடித்த டைல்களை அடுக்கி டப்பாவில் வைத்திருந்தேன். மறுவாரம் எடுத்தபோது ஒன்றோடொன்று ஒட்டிப் பிடித்துக்கொண்டு, பிரித்த இடத்தில் நிறம் உரிந்து வந்தது.

கரிக்கோல்:

அட்டை வளைந்ததற்குக் காரணம் ஒரு பக்கம் மட்டும் ஈரமானதே. ஃபெவிகாலின் நீரைக் குடித்து விரிந்த பக்கம், காயும்போது சுருங்கி மூலைகளைத் தன் பக்கம் இழுத்திருக்கிறது. அட்டையின் வெளிப்புறத்துக்கும் அதே கறுப்புக் கலவையை ஒரு பூச்சுப் பூசி, பட்டர் பேப்பர் விரித்து, கனமான புத்தகங்களை ஏற்றி இரண்டு நாள் விட்டுவிடுங்கள். பெரும்பாலும் நிமிர்ந்துவிடும். இனிச் செய்பவற்றுக்குப் பசையை மெல்லியதாகத் தடவி, ஒட்டிய கையோடு மறுபக்கத்தையும் பூசிவிடுங்கள். அட்டையே வேண்டாமென்றால் மூன்று மில்லிமீட்டர் எம்டிஎஃப் (மரநார்ப் பலகை) அவ்வளவு எளிதில் வளையாது; ஓரளவு எடையும் தரும் என்பதால் சுண்ணாம்புச்சாந்து அவர்களுக்கும் மகிழ்ச்சி.

ஒட்டிக்கொள்வது நம் ஊர் ஈரக்காற்றின் வேலை. அக்ரிலிக் பூச்சு தொட்டால் காய்ந்ததுபோல் இருந்தாலும் உள்ளே இறுகச் சில நாள்கள் ஆகும். ஃபெவிகால் கலந்த பூச்சு ஈரக்காற்றில் மீண்டும் இளகவும் செய்யும். ஆகவே ஃபெவிகால் அடிப்பூச்சோடு நின்றுவிட வேண்டும். மேலே வெறும் நிறம், அதற்கும் மேலே நீரை அடிப்படையாகக் கொண்ட மேட் (பளபளக்காத) வார்னிஷ் ஒரு பூச்சு. பளபளக்கும் வார்னிஷ் வாங்கிவிட்டால் நிலவறை முழுவதும் மொசைக் தரை போல் மின்னும். ஒரு வாரம் திறந்த தட்டில் காயவிட்டு, பிறகு டைலுக்கும் டைலுக்கும் இடையே பட்டர் பேப்பர் வைத்து, படுக்கப்போட்டு அடுக்காமல் புத்தகம் போல் நிறுத்தி அடுக்குங்கள். உரிந்த இடங்களில் புதிதாகப் பூச வேண்டியதில்லை. அங்கே கொஞ்சம் பச்சையைத் தொட்டு வைத்தால் பாசி படிந்த கல்லாகிவிடும்.