தாத்தா, அப்பா, இப்போது அண்ணன்: நான் மரபணுச் சோதனை எடுக்கலாமா?

சிப்புட் பொண்ணு:
மலேசியாவில் சுங்கை சிப்புட் தோட்டத்துக் குடும்பம் நாங்கள். தாத்தா ரப்பர் பால் வெட்டியவர். நாற்பது தாண்டியதும் கால் தள்ளாடியது. கள்ளுக்கடைப் பக்கமே போகாத மனுஷரைத் தோட்டத்து லயமே குடிகாரன் என்றது. அப்பாவுக்கு இன்னும் முன்னாடியே வந்தது, பேச்சும் குழறியது. காலையில் ஆளெண்ணும் பெரட்டில் மேற்பார்வையாளரான மண்டோர் "குடிச்சிட்டு வந்திருக்கே" என்று திருப்பி அனுப்புவார். அதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

அண்ணனுக்கு 29 வயது. செம்பனைக் குலை ஏற்றுகிறவர், மோட்டாரில் காலூன்ற முடியாமல் விழுகிறார். ஸ்கேனில் சிறுமூளை சுருங்கியிருக்கிறது. ரத்தச் சோதனையில் எஸ்சிஏ 1 என்று வந்தது, சிறுமூளையைத் தாக்கி நடையைத் தள்ளாட வைக்கும் பரம்பரை நோயாம். மரபணுவில் சிஏஜி எண்ணிக்கை 52. எனக்குத் தையில் கல்யாணம். நானும் சோதிக்கவா? பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளையும் சோதிக்கலாமா என்று அண்ணி கேட்கிறார்.

ஈப்போ நர்ஸ்:
தங்கச்சி, 6ஆம் குரோமோசோமில் உள்ள அட்டாக்ஸின் 1 மரபணுவில் சிஏஜி என்ற மூன்றெழுத்து அடுத்தடுத்து வரும். 39ஐத் தொட்டாலே நோய் வரக்கூடும். எண்ணிக்கை கூடக்கூட இளவயதிலேயே தொடங்கும். அப்பா வழியாக இறங்கும்போதுதான் அது அதிகம் நீளும். இதைக் கண்டுபிடித்தது 1993இல். 2005இல் தமிழ்நாட்டிலேயே ஒரு சமூகத்தில் இந்த நோய் அதிகம் என்று ஆய்வு வந்தது.

உனக்கு வாய்ப்பு பாதிக்குப் பாதி. சாதாரண மரபணு வரிசைச் சோதனை இந்த நீட்சியைத் தவறவிடலாம், அண்ணனுக்குச் செய்த அதே சோதனையைக் கேள். அதற்கு முன் மரபியல் கவுன்சிலிங். கோலாலம்பூர் பெரியாஸ்பத்திரியில் மரபியல் துறை இருக்கிறது. பிள்ளைகள் வேண்டாம். தடுக்க மருந்தில்லாத நோயை அவர்கள் தலையில் இப்போதே ஏற்றாதீர்கள். வளர்ந்து அவர்களே முடிவெடுக்கட்டும்.

பீடோர் அங்கிள்:
என் மனைவிக்கும் இதே மாதிரி நோய்தாம்மா. அண்ணன் தண்ணி குடிக்கும்போது இருமுறாரா பாரு. சோறைவிடத் தண்ணிதான் சீக்கிரம் புரையேறும், நுரையீரலுக்குள்ள போனா நிமோனியா. சாப்பிடும்போது பேச்சுக் கொடுக்காதீங்க. விழுங்குற பயிற்சிக்கும் பிசியோவுக்கும் இப்பவே எழுதி வாங்கு. மோட்டார் சாவியை வாங்கி வை. நோய்ப் பேரு போட்ட டாக்டர் கடிதம் எப்பவும் அவர் பர்ஸ்ல இருக்கணும், போலீஸ் ரோட் பிளாக்ல குடிகாரன்னுதான் நினைப்பாங்க. மாற்றுத்திறனாளிகளுக்கான ஓகேயு கார்டுக்கும் மனு போடு.

சிப்புட் பொண்ணு:
நேற்று ராத்திரி ரசம் குடிக்கும்போதே இருமினார் அங்கிள். நாளைக்கே கேட்கிறேன். அக்கா, கவுன்சிலிங்குக்கு மாப்பிள்ளையையும் கூட்டிப்போகலாமா? எங்கள் வீட்டில் யாரும் இன்னும் மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லவில்லை.

ஈப்போ நர்ஸ்:
கூட்டிப்போ. ஆனால் முதலில் நீயே சொல்லிவிடு, அந்த அறையில் அவர் புதிதாகக் கேட்கக்கூடாது. உன் ரிசல்ட் வேண்டுமா வேண்டாமா என்பது மட்டும் உன் முடிவு. ரத்தம் கொடுத்த பிறகும் "தெரிய வேண்டாம்" என்று சொல்ல உனக்கு உரிமை உண்டு.