சுழல்மேடையை எடுத்துவிட்டு, அதையும் லே மிசரபிள் என்றே விற்கலாமா?

மேடைப்பித்தன்:

பயணக் குழுக்களைப் பற்றிய பழைய இழையில் சுமைவண்டி என்னும் நண்பர் எழுதியிருப்பதைப் படித்த பிறகு வாளாவிருக்க மனம் ஒப்பவில்லை. அதனால் தனி இழையே தொடங்குகிறேன். விக்டர் ஹ்யூகோவின் நாவலிலிருந்து பிறந்த லே மிசரபிள் இசை நாடகத்தின் 25-ஆம் ஆண்டையொட்டி ஊர் ஊராகச் செல்ல அமைத்த பயண வடிவம் லண்டன் அசலைக் காட்டிலும் மேலானது என்கிறார் அவர். அசலில் இருந்த சுழல்மேடை வெறும் பொறிவித்தை என்றும், அதை எடுத்ததால் நாடகத்துக்கு ஒரு குறையும் நேரவில்லை என்றும் தீர்ப்பும் எழுதிவிட்டார். தீர்ப்பு எழுதியவர் அசலை எந்த இருக்கையிலிருந்து பார்த்தார், உண்மையில் பார்த்தாரா என்பதிலேயே எனக்கு ஐயம் இருக்கிறது.

1985 அக்டோபர் 8 அன்று லண்டன் பார்பிகன் அரங்கில் ட்ரெவர் நன், ஜான் கேர்ட் இருவரின் இயக்கத்தில் அது அரங்கேறியபோது, ஜான் நேப்பியர் அமைத்த மேடையில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. வெறும் தளம், அதன் நடுவே சுழலும் வட்டு, வேண்டியபோது இருபுறமிருந்தும் வந்து பூட்டிக்கொள்ளும் கிளர்ச்சியாளர்களின் தடுப்பரண், அவ்வளவுதான். பல ஆண்டுகளையும் பல ஊர்களையும் ஒரே மாலைக்குள் அடக்கியது அந்த வட்டுத்தான். காவ்ரோஷ் என்னும் சிறுவன் இறக்கும் இடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தோட்டாக்கள் தீரும் நிலையில் அவன் அரணைத் தாண்டி மறுபுறம் இறங்குகிறான், வட்டு திரும்புகிறது, இப்போது நாம் படைவீரர்களின் பக்கத்திலிருந்து அரணைப் பார்க்கிறோம், செத்துக் கிடப்பவர்களிடம் தோட்டாக்களைத் துழாவியபடியே பாடும் பையன் நம் கண்ணெதிரே சுடப்பட்டு விழுகிறான். பயண வடிவத்தில் அரண் திரும்பாது. பையன் அதற்குப் பின்னால் மறைந்துவிடுவான். குரல் மட்டும் கேட்கும். மீண்டும் உச்சிக்கு ஏறித் தலை காட்டும்போது ஒரு வேட்டு. அங்கே அவன் என்ன செய்தான் என்பதை மற்றவர்களின் முகத்தைப் பார்த்து நாமே ஊகித்துக்கொள்ள வேண்டும்.

இறுதிப் போருக்குப் பிறகு வருவது இதைவிடப் பெரிது. எல்லாரும் மடிந்த பின், ஒரு சொல்லும் இல்லாமல் அரண் திரும்ப, மறுபுறத்தில் கிளர்ச்சி மாணவர்களின் தலைவன் ஆன்ஜோல்ராவின் உடல் செங்கொடியின் மேல் தலைகீழாகக் கிடப்பது தெரியும். பயண வடிவத்தில் அதே உடலை வண்டியில் போட்டு உருட்டிக்கொண்டு வருகிறார்கள். இரண்டும் ஒன்று என்பவரோடு எனக்குப் பேச்சில்லை.

சுமைவண்டி:

பேச்சில்லை என்று முடித்தவர் அதற்கு முன் எவ்வளவு பேசியிருக்கிறார் என்பதைக் கவனிக்கிறேன். ஐயா, நான் அசலையும் பார்த்தவன், பயண வடிவத்தையும் பார்த்தவன். நீங்கள் பார்க்காத ஒன்றையும் பார்த்திருக்கிறேன்; அது காட்சி முடிந்த இரவில் அரங்கின் பின்வாசல். பயண நாடகங்களுக்குச் சாமான் ஏற்றி இறக்கும் வேலையில் என் இளமை கழிந்தது. ஓர் ஊரில் கடைசித் திரை விழுந்த இரவே அமைப்பு முழுவதையும் பிரித்து லாரிகளில் ஏற்றி, ஓரிரு நாளில் அடுத்த ஊரில் நிறுத்தியாக வேண்டும். சுழல்மேடை என்றால் வட்டைக் கொண்டுபோய்ப் போட்டால் போதாது. அரங்கத்தின் சொந்தத் தளத்துக்கு மேல் இன்னொரு தளம் எழுப்பி, வட்டையும் அதைச் சுழற்றும் மோட்டாரையும் அதற்குள் பொருத்தி, மட்டம் பார்க்க வேண்டும். பிரிட்டனின் பழைய அரங்குகள் பலவற்றில் மேடையே பார்வையாளரை நோக்கிச் சரிந்திருக்கும். அங்கே மட்டம் பார்ப்பவன் படும் பாட்டைக் கேட்டவர்கள் வேறு பாட்டுக் கேட்க மாட்டார்கள்.

2009 டிசம்பரில் கார்டிஃப் நகரில் தொடங்கிய வடிவத்தில் லாரன்ஸ் கானர், ஜேம்ஸ் பவல் ஆகியோர் இந்தச் சுமையை இறக்கிவைத்தார்கள். அந்த இடத்தில் விக்டர் ஹ்யூகோ தம் கையால் தீட்டிய சித்திரங்களின் சாயலை மேட் கின்லி பின்திரையில் ஒளியாகக் கொண்டுவந்தார். நாவலாசிரியரே ஏறத்தாழ 4,000 சித்திரங்களை விட்டுச் சென்றிருக்கும்போது, அவற்றை நாடகத்துக்கு எடுத்துக்கொள்வது குறையா? கதைநாயகனான முன்னாள் கைதி வால்ஜான், அரணில் காயம்பட்ட இளைஞன் மாரியஸைச் சுமந்துகொண்டு பாதாளச் சாக்கடைக்குள் போகும் இடத்தில் பின்னால் சுரங்கமே நகர்ந்து வருகிறது. ஒரு வட்டின் மேல் நடந்து நடந்து நின்ற இடத்திலேயே நிற்பதைவிட அது எனக்கு மெய்யாகப் பட்டது.

மேடைப்பித்தன்:

லாரியில் ஏறாது என்பதுதான் வாதமென்றால், அந்த வாதம் 1988-இலேயே செத்துவிட்டது. அந்த ஆண்டு அமெரிக்காவின் டாம்பாவில் புறப்பட்ட மூன்றாம் தேசியப் பயணக் குழு, 2006-இல் செயின்ட் லூயிஸில் முடியும்வரை 17 ஆண்டுகளுக்கு மேலாக ஊர் ஊராகச் சென்றது. அது எதைச் சுமந்து சென்றது? சுழல்மேடையைச் சுமந்து சென்றது. அந்தத் தொழிலாளர்களுக்கும் முதுகு ஒன்றுதான், நாளுக்கு மணி இருபத்துநான்குதான். இது மட்டுமன்று, பயணம் முடிந்த சில மாதங்களிலேயே அதே குழுவின் மேடையமைப்பையும் உடைகளையும் நியூயார்க்குக்குக் கொண்டுபோய், பிராட்ஹர்ஸ்ட் அரங்கில் நிறுத்தி, அந்நகரின் நாடக வட்டாரமான பிராட்வேயின் மறுமேடையேற்றம் என்று நடத்தினார்கள். ஊர் சுற்றிய சாமான் பிராட்வேயில் ஏறியது, வட்டோடு ஏறியது.

ஆகவே நான் குறை சொல்வது பயணத்தையன்று, வட்டைக் கழற்றியதை. சுமைவண்டி அவர்கள் தம் முதுகுவலியைக் கலைக்கொள்கை என்று பெயர் மாற்றி நமக்கு விற்கிறார்.

சுமைவண்டி:

என் முதுகின்மேல் தாங்கள் கொண்ட அக்கறைக்கு நன்றி. பிராட்ஹர்ஸ்ட் கதையைத் தாங்களே எடுத்துக் கொடுத்ததற்கு இன்னும் பெரிய நன்றி, ஏனென்றால் அதன் முடிவை மட்டும் விழுங்கிவிட்டீர்கள். 2006 நவம்பரில் வட்டோடு வந்த அந்த மறுமேடையேற்றம் 463 காட்சிகளில் முடிந்தது. 2014 மார்ச்சில் இம்பீரியல் அரங்குக்கு வட்டில்லாமல் வந்தது 1,024 காட்சிகள் ஓடியது. பார்வையாளர்கள் வட்டுக்காகத்தான் சீட்டு வாங்குகிறார்கள் என்றால் இந்தக் கணக்கு எப்படி வரும்?

மேடைப்பித்தன்:

1987 முதல் 2003 வரை, பிராட்வேயில், 6,680 காட்சிகள். வட்டோடு. கணக்குப் பேச வந்தவர் முதல் வரியை மறைத்துவிட்டு இரண்டாம் வரியிலிருந்து கூட்டக் கூடாது. 2006-இல் வந்தது, அசல் மூடப்பட்டு மூன்றே ஆண்டுகளில் வந்தது. ஊரெல்லாம் பார்த்து முடித்த நாடகத்துக்கு உடனே மறுபடி கூட்டம் வருமா? 2014-க்குள் ஒரு புதிய தலைமுறையே வந்துவிட்டது, இடையில் திரைப்படமும் வந்துவிட்டது. அவர்கள் வட்டைப் பார்த்ததில்லை, அதனால் தேடவில்லை.

இசைக்குழி:

இருவரும் தரையையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். நான் தரைக்குக் கீழே, இசைக்குழுவின் குழியிலிருந்து ஒரு செய்தி சொல்ல விரும்புகிறேன். இது இசை நாடகம் என்பது யாருக்காவது நினைவிருக்கிறதா? 1985-இல் ஜான் கேமரன் அமைத்த வாத்தியப் பங்கீட்டைப் புதிய வடிவத்தில் கிறிஸ் ஜான்கி முதலியோர் மாற்றியிருக்கிறார்கள். தொடக்கத்தில் கேட்ட அந்த எண்பதுகளின் சின்தசைசர் ஒலி போய்விட்டது. மேலும், மேடைப்பித்தன் போற்றும் பிராட்வே அசலே 2003-இல் மூடப்படும்வரை அப்படியே இருக்கவில்லை. மூன்று மணி நேரத்தைத் தாண்டினால் ஊழியர்களுக்கு மிகைநேர ஊதியம் கொடுக்க வேண்டியிருந்ததால், ஆங்காங்கே வரிகளை வெட்டி மூன்று மணிக்குள் அடக்கிவிட்டார்கள். பாட்டு வெட்டுப்பட்டபோது யாரும் தனி இழை தொடங்கியதாக நினைவில்லை.

மேடைப்பித்தன்:

இசைக்குழி அவர்களே, சின்தசைசருக்கு இரங்கல் கூட்டம் நடத்த வேண்டுமானால் தனியாக நடத்துங்கள், நானும் வந்து மலர் வைக்கிறேன். இங்கே கேள்வி ஒன்றுதான். அரண் திரும்பினால் தெரிந்த உடல், அரண் திரும்பாவிட்டால் எப்படித் தெரியும்? இதற்குச் சுமைவண்டி இன்னும் விடை சொல்லவில்லை. சாக்கடையின் திரைப்படத்தைக் காட்டி என்னைத் திசைதிருப்புகிறார்.

நாவல்வாசகி:

எது அசல் என்று முதலில் முடிவுசெய்துவிட்டு வாதிட்டால் நன்றாக இருக்கும். பாட்டெழுதிய பூப்லீலும் இசையமைத்த ஷான்பெர்க்கும் இதை 1980-இலேயே பாரிஸில், பாலே தெ ஸ்போர் அரங்கத்தில், ரொபேர் ஒசெய்ன் இயக்கத்தில் மேடையேற்றிவிட்டார்கள். லண்டன் வடிவமே அதைத் திருத்தி வளர்த்ததுதான். அதற்கும் முன்னால் நாவல் இருக்கிறது. நம்மூரில் 1950-இல் அந்த நாவலைத் தழுவி ஏழை படும் பாடு திரைப்படம் வந்தது. அதில் வால்ஜானை விடாது துரத்தும் ஜாவர் என்னும் காவலதிகாரியாக நடித்தவர் கடைசிவரை ஜாவர் சீதாராமன் என்றே அறியப்பட்டார். அங்கே வட்டும் இல்லை, அரணும் திரும்பவில்லை, கதை நின்றது.

பயண வடிவத்தின் முதற்காட்சியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அசலில் கைதிகள் கல் உடைக்கிறார்கள். புதியதில் கப்பலில் அமர்ந்து துடுப்பு வலிக்கிறார்கள். வால்ஜான் தூலோன் சிறைக்குப் போனது 1796-இல். பிரான்சில் துடுப்புக் கப்பல் படையே 1748-இல் கலைக்கப்பட்டுவிட்டது. அதன் பிறகு கைதிகள் துறைமுகத்தில்தான் உழைத்தார்கள். அவர்களைக் கப்பலில் ஏற்றித் துடுப்பைக் கொடுத்தது அரை நூற்றாண்டுப் பிழை.

சுமைவண்டி:

சகோதரி, பின்திரையில் அலை அடிக்க, வரிசையாக அமர்ந்து துடுப்பு வலிக்கும் அந்தக் காட்சி முதல் நிமிடத்திலேயே அரங்கத்தை இழுத்துப் பிடிக்கிறது. ஆண்டுக் கணக்கைப் பார்த்து யாரும் மூச்சை அடக்கிக்கொள்வதில்லை.

நாவல்வாசகி:

காட்சிகளின் எண்ணிக்கைக்கு மட்டும் கணக்குப் பார்ப்பீர்கள், வரலாற்றுக்குப் பார்க்க மாட்டீர்கள் போலும்.

மேடைப்பித்தன்:

நாவல்வாசகி சொன்னதில் பாரிஸை விட்டுவிடுகிறேன். துடுப்பை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். வட்டைக் கழற்றியவர்களுக்குத் தொடக்கக் காட்சியில் அசைவுக்கு வழியில்லாமல் போயிற்று, ஆகவே கப்பலைக் கொண்டுவந்தார்கள். ஒன்றை எடுத்தால் ஒன்பதை ஒட்டவைக்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? போருக்குப் பின் பெண்கள் பாடும் இடத்தைப் பாருங்கள். அசலில் அவர்கள் வட்டோடு சேர்ந்து சுற்றிக்கொண்டே, எதுவும் மாறாது, ஆண்டுகள் மட்டும் கழியும் என்று பாடுவார்கள். பாட்டின் பொருளே அவர்கள் காலடியில் ஓடிக்கொண்டிருந்தது.

சுமைவண்டி:

அதே இடத்தில் பயண வடிவம் செய்ததை ஏன் சொல்லவில்லை? அந்தப் பெண்கள் ஏற்றிய மெழுகுவர்த்திகளைத் தரையில் வைத்துவிட்டுப் போகிறார்கள். அடுத்து மாரியஸ் தனியாக வந்து, வெறுமையான நாற்காலிகளைப் பற்றிப் பாடும்போது, இறந்துபோன நண்பர்கள் பின்னால் வந்து நின்று அந்த மெழுகுவர்த்திகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறார்கள். மோட்டார் இல்லை, வட்டு இல்லை. என் பக்கத்து இருக்கையில் இருந்தவர் கைக்குட்டையைத் தேடினார். இதுவும் பொறிவித்தை இல்லாததால் வந்த குறையா?

ஒரு செய்தியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2010 இலையுதிர்காலத்தில் பயண வடிவம் பார்பிகனில் நடந்தது. அசல் குவீன்ஸ் அரங்கில் நடந்துகொண்டிருந்தது. அக்டோபர் 3 அன்று ஓ2 அரங்கத்தில் கச்சேரி வடிவமும் நடந்தது. ஒரே நகரத்தில் மூன்றையும் வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் உண்டு. கடைசியில் என்ன ஆயிற்று? 2019 ஜூலையில் அசலை நிறுத்தினார்கள். அரங்கத்தைப் புதுப்பித்து, சோன்டைம் அரங்கம் என்று பெயர் மாற்றி, அவ்வாண்டு டிசம்பரில் பயண வடிவத்தையே அங்கே நிலையாகக் குடிவைத்தார்கள். மகளுக்குக் கொடுத்துவிட்டுத் தாய் வீட்டைக் காலிசெய்தாள். இனி எதை அசல் என்பீர்கள்?

மேடைப்பித்தன்:

காலிசெய்தாள் என்று எழுதுகிறீர்கள். காலிசெய்ய வைத்தார்கள் என்று எழுதுங்கள். நன், கேர்ட், நேப்பியர் ஆகியோரின் உழைப்பில் 34 ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவாக லண்டனில் நின்ற ஒன்றை, பழுதுபார்ப்பைச் சாக்கிட்டுக் கழற்றியதைத்தான் வெற்றி என்று கொண்டாடுகிறீர்கள். ஊர் ஊராகச் செல்வதற்காக இளைக்க வைத்த வடிவத்தை, ஊரை விட்டு நகரவே தேவையில்லாத அரங்கத்துக்குள் எதற்காகக் கொண்டுவர வேண்டும்? அங்கே லாரி ஏது? சரிந்த மேடை என்ற சாக்கு ஏது? அதே அரங்கத்தில்தானே 2004 முதல் வட்டு சுற்றிக்கொண்டிருந்தது! சுமைவண்டியின் முழு வாதமும் லாரியின்மேல் நிற்கிறது; லாரியே இல்லாத இடத்தில் வட்டு ஏன் போயிற்று என்பதற்கு மெழுகுவர்த்தியைக் காட்டுகிறார்.

இசைக்குழி:

ஏன் போயிற்று என்று நான் சொல்கிறேன். ஃபாண்டம் ஆஃப் தி ஓபரா என்னும் இன்னோர் இசை நாடகத்தைப் பாருங்கள். லண்டனில் 27 பேர் வாசித்துவந்த இசைக்குழு, 2021 ஜூலையில் மீண்டும் திறந்தபோது 14 பேராகிவிட்டது. அந்த அரங்கமும் எங்கும் பயணம் போகவில்லை. சிக்கனம் முதலில் வெளியூருக்குப் பழகிக்கொள்ளும், பிறகு தலைநகரத்துக்குத் திரும்பும். வட்டைவிட வயலின் முக்கியம் என்று நான் தொடக்கத்திலிருந்தே சொல்லிவருகிறேன்.

சுமைவண்டி:

ஃபாண்டம் பேச்சை எடுக்காதீர்கள். சென்ற முறை சரவிளக்கு விழும் வேகத்தைப் பற்றி இதே மேடைப்பித்தன் பக்கம் பக்கமாக எழுதி, நான் நியூயார்க்கின் மெஜஸ்டிக் அரங்கத்தைச் சொன்னவுடன் பெட்டிப்பாம்பாக அடங்கிவிட்டார்.

மேடைப்பித்தன்:

அடங்கவில்லை, அந்த இழையைப் பூட்டிவிட்டார்கள். பூட்டச் சொல்லி முறையிட்டது யார் என்பதும் எனக்குத் தெரியும். சரவிளக்கைப் பற்றி இப்போதும் பேசத் தயார், ஆனால் ஆன்ஜோல்ராவை வண்டியில் போட்டதற்கு முதலில் விடை வரட்டும்.

சுமைவண்டி:

விடை இதோ. அந்த வண்டியில் ஆன்ஜோல்ராவும் சிறுவன் காவ்ரோஷும் ஒன்றாகக் கிடக்க, வால்ஜானைத் தேடி வரும் ஜாவர் அவர்களைப் பார்த்து நின்றுவிடுகிறான். பிறகு அவன் ஆற்றில் விழப்போவதற்கான காரணம் அங்கே தொடங்குகிறது. உங்கள் அசலில் அந்த உடலை நாம் பார்த்தோம். இதில் ஜாவர் பார்க்கிறான். எது நாடகம்?

மேடைப்பித்தன்:

ஜாவர் ஆற்றில் விழுவதையே தாங்கள் எடுத்தது நல்லதாயிற்று. அசலில் பாலம் மேலே எழும்பிப் போக, அவன் நீரோட்டத்தில் உருள்வதுபோல் வட்டின்மேல் உருண்டு போவான். பயண வடிவத்தில் கம்பியில் தொங்கியபடி பின்னால் பறக்கிறான். பொறிவித்தை என்று வட்டைத் திட்டியவர் அந்தக் கம்பிக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்?

சுமைவண்டி:

அந்தக் கம்பி ஒரு பெட்டிக்குள் அடங்கும் என்பதுதான் அதன் பெயர்.

நாவல்வாசகி:

1748 பற்றி இன்னும் ஒருவரும் வாய் திறக்கவில்லை.