80 வாட் விரைவு சார்ஜர் பேட்டரியின் ஆயுளைக் குறைக்குமா? பழைய 10 வாட் சார்ஜரில் இரவு முழுக்கப் போடுவதா?

வேலூர்ப் பயணி:

அனைவருக்கும் வணக்கம். மருந்து விற்பனைப் பிரதிநிதியாக வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் நாள் முழுவதும் இருசக்கர வண்டியில் சுற்றுகிற வேலை எனக்கு. வழி காட்டுவது, ஆர்டர் பதிவது, பணம் வாங்குவது எல்லாமே கைபேசியில்தான் நடக்கிறது. மாலை நான்கு மணிக்கு அது அணைந்துபோனால் அன்றைய வேலையும் அதோடு நின்றுவிடும். பழைய கைபேசியின் பேட்டரி மதியத்தைக்கூடத் தாண்டாத நிலைக்கு வந்துவிட்டதால் புதிதாக ஒன்று வாங்கியிருக்கிறேன். 5000 மில்லி ஆம்பியர் மணி பேட்டரி. பெட்டியிலேயே 80 வாட் சார்ஜர் வந்தது.

வாங்கிய கடையில் இருந்தவர், இந்தச் சார்ஜரை அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டு மற்ற நாட்களில் பழைய 10 வாட் சார்ஜரில் இரவு முழுக்கப் போட்டுவைக்கும்படியும், இல்லாவிட்டால் ஓராண்டில் பேட்டரி போய்விடும் என்றும் சொன்னார். என் மைத்துனரோ, நிறுவனமே தந்த சார்ஜரால் எந்தக் கெடுதலும் வராது என்கிறார். இரண்டில் எதை நம்புவது? இன்னொன்றும் கேட்க வேண்டும்: வண்டியின் கைப்பிடியில் பொருத்தி, வண்டியிலுள்ள யூஎஸ்பி இணைப்பில் சார்ஜ் போட்டபடியே வரைபடம் பார்த்து ஓட்டுகிறேன். அதனால் பாதிப்பு உண்டா? கைபேசியைக் குறைந்தது நான்கு ஆண்டுகள் வைத்திருக்க விரும்புகிறேன்.

மின்னணுவியல் ஆசிரியர்:

வணக்கம் நண்பரே. கடைக்காரர் சொன்னதில் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால் அவர் காட்டிய மாற்றுவழி உங்கள் பேட்டரிக்கு நன்மையைவிடக் கெடுதலையே கூடுதலாகச் செய்யக்கூடும் என்பது என் கருத்து.

பெட்டியில் அச்சிட்டிருக்கும் 80 வாட் என்பது உச்ச அளவு மட்டுமே. சார்ஜர் தன் விருப்பத்துக்கு மின்சாரத்தை உள்ளே தள்ளுவதில்லை. பேட்டரியின் வெப்பநிலை, மின்னழுத்தம், அப்போதிருக்கும் சார்ஜ் அளவு ஆகியவற்றைக் கைபேசியின் மின் மேலாண்மைச் சிப் இடைவிடாமல் கவனித்து, எவ்வளவு வேண்டும் என்பதைக் கேபிள் வழியே சார்ஜரிடம் கேட்டு வாங்குகிறது. உங்கள் பேட்டரியில் அடங்கும் ஆற்றல் ஏறத்தாழ 19 வாட் மணி. அதற்கு 80 வாட் என்பது மிகப் பெரிய வேகம் என்பதால்தான் அந்த உச்சம் தொடக்கத்தில் சில நிமிடங்களுக்கு மட்டும் நீடிக்கிறது. பேட்டரியின் மின்னழுத்தம் தன் மேல்வரம்பை, அதாவது இன்றைய கைபேசிகளில் சுமார் 4.4 வோல்ட்டை, நெருங்கியதும் அந்த மின்னழுத்தத்தை மாறாமல் வைத்துக்கொண்டு மின்னோட்டத்தைப் படிப்படியாகக் குறைத்துவிடுகிறார்கள். முதல் பாதி விறுவிறுவென ஏறி, கடைசிப் பகுதி மெதுவாக நகர்வதற்குக் காரணம் இதுவே.

ஏன் அப்படிச் செய்கிறார்கள் என்பது தெரிந்தால் உங்கள் கேள்விக்கான விடையும் தெரிந்துவிடும். சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் பேட்டரிக்குள் இருக்கும் மின்பகுளித் திரவத்தைக் கடந்து வந்து, எதிர்முனையான கிராஃபைட்டின் அடுக்குகளுக்கிடையே புகுந்து அமர்கின்றன. காய்ந்த வயலில் மடை திறந்தால் முதலில் பாயும் நீரை மண் உடனே உறிஞ்சிக்கொள்ளும். ஈரம் நிறைந்த பிறகும் அதே வேகத்தில் பாய்ச்சினால் நீர் மேலேயே தேங்கி நிற்கும். பேட்டரியிலும் நிகழ்வது ஏறக்குறைய இதுதான். கிராஃபைட்டுக்குள் புக இடமோ நேரமோ கிடைக்காத அயனிகள் அதன் பரப்பின்மேல் உலோக லித்தியமாகப் படிந்துவிடுகின்றன. அப்படிப் படிந்ததில் ஒரு பகுதி பிறகு வேலைக்கே திரும்புவதில்லை. பேட்டரி மிகக் குளிர்ந்திருக்கும்போதும், ஏறத்தாழ நிரம்பிய நிலையிலும் இந்த ஆபத்து கூடுதல். ஆகவே சரியாக வடிவமைத்த கைபேசி அந்த எல்லையை நெருங்குமுன்பே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. இந்த வேலையை நீங்கள் செய்ய வேண்டியதில்லை. உங்களால் செய்யவும் முடியாது.

உங்கள் கையில் இருப்பவை வெப்பமும், பேட்டரி முழுச் சார்ஜில் இருக்கும் நேரமும்தான். கிராஃபைட்டின்மேல் இயல்பாகவே ஒரு மெல்லிய காப்புப் படலம் உருவாகிறது. அது இல்லாமல் பேட்டரி இயங்காது; ஆனால் அது தடிக்கத் தடிக்க லித்தியத்தை விழுங்கி, உள்தடையைக் கூட்டுகிறது. வெப்பம் கூடினால் இந்தத் தடிப்பு விரைவாகிறது; நேர்முனைப் பக்கம், மின்னழுத்தம் உச்சத்தில் நிற்கும்போது மின்பகுளியும் சிதையத் தொடங்குகிறது. கைபேசியைப் பயன்படுத்தாமல் மேசையில் வைத்திருந்தாலும் இவை நடந்துகொண்டே இருக்கும். லித்தியம் பேட்டரிகளுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் ஒரு கணக்கைப் பாருங்கள்: 40 விழுக்காடு சார்ஜில் 25 டிகிரி செல்சியஸில் ஓராண்டு வைத்திருந்தால் கொள்ளளவில் சுமார் 96 விழுக்காடு மிஞ்சும், முழுச் சார்ஜில் 40 டிகிரியில் வைத்திருந்தால் மிஞ்சுவது சுமார் 65 விழுக்காடு. சார்ஜரின் வேகம் இந்தக் கணக்கில் வரவே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

இப்போது கடைக்காரர் சொன்ன வழியை எடுத்துக்கொள்வோம். இரவு பத்து மணிக்கு 10 வாட் சார்ஜரில் செருகினால் நள்ளிரவு தாண்டி ஒரு மணி வாக்கில் நிரம்பிவிடும். விடியும்வரை மீதி நேரமெல்லாம், மே மாத வேலூரின் புழுக்கத்தில், பேட்டரி 100 விழுக்காட்டிலேயே நிற்கும். அதைவிட, காலையில் எழுந்ததும் காற்றாடிக்குக் கீழே, உறையைக் கழற்றிவிட்டு, குளித்துச் சாப்பிட்டு முடிக்கும் நேரத்துக்குள் 80 வாட்டில் ஏற்றிக்கொண்டு கிளம்புவதே நல்லது என்று நான் சொல்வேன்.

வண்டிக் கைப்பிடி விஷயத்தில் மட்டும் சற்றுக் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. நேர் வெயில், முழு வெளிச்சத்தில் எரியும் திரை, ஜிபிஎஸ், மொபைல் தரவு, இவற்றோடு சார்ஜிங்கும் சேரும்போது கைபேசி எளிதாக 45 டிகிரியைத் தொட்டுவிடும். லித்தியம் பேட்டரியைச் சார்ஜ் செய்வதற்குப் பொதுவாக வைக்கப்படும் மேல்வரம்பு அதுதான். வீட்டில் ஏற்றும் 80 வாட்டைவிட, வெயிலில் வண்டியின் யூஎஸ்பியில் மெதுவாக ஏற்றுவதைப் பற்றித்தான் நீங்கள் கவலைப்பட வேண்டும்.

மதுரை சர்வீஸ்காரர்:

ஆசிரியர் ஐயா சொன்னதைக் கடை அனுபவத்திலிருந்து நானும் உறுதிப்படுத்துகிறேன். பேட்டரி உப்பி, பின்மூடி தூக்கிக்கொண்டு வரும் கைபேசிகளின் உரிமையாளர்களிடம் எப்படிப் பயன்படுத்தினீர்கள் என்று கேட்பது என் வழக்கம். உணவு கொண்டுசெல்லும் தம்பிகள், வாடகைக் கார் ஓட்டுநர்கள், சார்ஜில் போட்டபடியே மணிக்கணக்கில் விளையாடும் மாணவர்கள், கடை மேசையில் பகல் முழுக்கச் சார்ஜிலேயே வைத்திருக்கும் வியாபாரிகள் ஆகியோரே பெரும்பாலும் வருகிறார்கள். வேகமாகச் சார்ஜ் போட்டதை மட்டும் காரணமாகச் சொல்லத்தக்க கைபேசிகள் மிகக் குறைவாகவே வருகின்றன.

உப்பிய பேட்டரியைப் பற்றி ஒரு வேண்டுகோள். உள்ளே மின்பகுளி சிதைந்து வாயு சேர்வதால்தான் அது உப்புகிறது. அதைக் கையால் அழுத்திச் சமப்படுத்துவதோ, ஊசியால் குத்துவதோ, வீட்டிலேயே நெம்பி எடுக்க முயல்வதோ வேண்டவே வேண்டாம். அணைத்துவிட்டு, சார்ஜ் போடாமல் கடைக்குக் கொண்டுவாருங்கள்.

சார்ஜர், கேபிள் இரண்டையும் பார்த்து வாங்குங்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சார்ஜர் நம் நாட்டில் பிஐஎஸ் என்ற இந்தியத் தர அமைப்பின் பதிவு இல்லாமல் விற்கப்படக் கூடாத பொருள். பதிவெண்ணும் தர எண்ணும் அதன்மேல் அச்சிடப்பட்டிருக்கும். நடைபாதையில் கிடைக்கும் மலிவுச் சார்ஜரில் 65 வாட் என்று எழுதியிருப்பதை நம்ப வேண்டாம். கேபிள் செருகும் சார்ஜிங் துளை கருகிக் கடைக்கு வரும் கைபேசிகள் பலவற்றில் தரமற்ற கேபிளோ, துளைக்குள் அடைந்த தூசியோதான் காரணமாக இருந்திருக்கிறது. பேட்டரி மாற்றும்போதும் இதே எச்சரிக்கை பொருந்தும்: போலி பேட்டரியில் எழுதியிருக்கும் கொள்ளளவும் உள்ளே இருக்கும் கொள்ளளவும் ஒன்றாக இருப்பதில்லை.

மாற்றுக் கருத்தாளர்:

மேலே எழுதிய இருவரும் விரைவு சார்ஜிங்கை மிகவும் மென்மையாக நடத்துகிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. மின்னோட்டம் இரட்டித்தால், அதே தடையில் உண்டாகும் வெப்பம் நான்கு மடங்காகும் என்பது பள்ளிப் பாடம். வெப்பம்தான் எதிரி என்று சொல்லிவிட்டு, வெப்பத்தைக் கூட்டும் முறையைப் பரிந்துரைப்பது முரண்பாடு இல்லையா? பேட்டரி 800 சுழற்சி, 1600 சுழற்சி தாங்கும் என்று நிறுவனங்கள் விளம்பரம் செய்வதெல்லாம் குளிரூட்டிய ஆய்வகத்தில் எடுத்த கணக்குகள். 2016-இல் சாம்சங் நோட் 7 கைபேசிகள் தீப்பிடித்ததையும் மறந்துவிட முடியாது.

மின்னணுவியல் ஆசிரியர்:

நல்ல கேள்வி, இதற்குச் சற்று விரிவாகவே விடை சொல்ல வேண்டும். மற்றவை எல்லாம் சமமாக இருக்கும்போது மெதுவான சார்ஜிங் பேட்டரிக்கு இதமானது என்பதை நான் மறுக்கவில்லை. ஒரே வெப்பநிலையில், ஒரே அளவு வரை, ஒரே பேட்டரியை அரை மணியிலும் மூன்று மணியிலும் ஏற்றி ஒப்பிட்டால், மெதுவாக ஏற்றியதே நீண்ட காலம் உழைக்கும். ஆனால் நண்பர் முன்னால் இருக்கும் இரு வழிகளில் மற்றவை சமமாக இல்லை. மெதுவான வழியோடு பல மணி நேர முழுச் சார்ஜும் சேர்ந்தே வருகிறது.

வெப்பம் நான்கு மடங்காகும் கணக்கும் சரிதான். அதனால்தான் பொறியாளர்கள் அந்த வெப்பத்தைப் பேட்டரியிலிருந்து வேறிடத்துக்கு நகர்த்த இத்தனை ஆண்டுகளாகப் பாடுபட்டிருக்கிறார்கள். 2014-இல் வந்த ஓப்போ நிறுவனத்தின் வூக் (VOOC) என்ற விரைவு சார்ஜிங் முறை, மின்னழுத்தத்தைக் குறைக்கும் வேலையைக் கைபேசிக்குள் செய்யாமல் சார்ஜருக்குள்ளேயே முடித்தது. சூடாவது சுவரில் இருக்கும் சார்ஜர்தான். பின்னர் பேட்டரியை இரண்டாகப் பிரித்துத் தொடராக இணைத்தார்கள். இதைப் பற்றிப் பரவலாக ஒரு தவறான புரிதல் உண்டு. இதனால் கம்பியிலும் இணைப்பிலும் ஓடும் மின்னோட்டம் பாதியாகி அங்கே வெப்பம் குறைகிறதே தவிர, ஒவ்வொரு பாதியும் தன் கொள்ளளவுக்கு ஏற்ப ஏற்றப்படும் வேகம் குறைவதில்லை. ஆகவே உங்கள் ஐயத்துக்கு இடம் இருக்கிறது. 120, 150, 240 வாட் என்று எண்ணை ஏற்றிக்கொண்டே போகும் போட்டி பயனாளருக்குத் தேவை என்று நானும் நினைக்கவில்லை.

நோட் 7 விபத்தை மட்டும் இதோடு சேர்க்காதீர்கள். அந்நிறுவனம் 2017 ஜனவரியில் வெளியிட்ட விசாரணை முடிவின்படி, இரு வேறு இடங்களிலிருந்து வாங்கிய பேட்டரிகளின் வடிவமைப்பிலும் தயாரிப்பிலும் இருந்த குறைகளால் உள்ளேயே குறுக்குச்சுற்று (ஷார்ட் சர்க்யூட்) ஏற்பட்டது. சார்ஜிங் வேகம் அதற்குக் காரணமாகச் சொல்லப்படவில்லை.

சுழற்சி எண்களை முழுவதும் ஒதுக்கிவிடவும் தேவையில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் விற்பனைக்கு வரும் கைபேசிகளின் பேட்டரி, 800 சுழற்சிகளுக்குப் பிறகும் 80 விழுக்காடு கொள்ளளவைத் தக்கவைத்திருக்க வேண்டும் என்று சட்டமே வந்துவிட்டது. ஒரு சுழற்சி என்பது ஒருமுறை செருகுவது அல்ல. இரண்டு நாட்களில் ஐம்பது ஐம்பது விழுக்காடாகச் செலவழித்தால் இரண்டும் சேர்ந்துதான் ஒரு சுழற்சி. நம் ஊர் வெயிலில் அந்த 800-ஐ அப்படியே எதிர்பார்க்க முடியாது என்பதில் மட்டும் உங்களோடு உடன்படுகிறேன்.

வேலூர்ப் பயணி:

மூவருக்கும் மிக்க நன்றி. இனிமேல் காலையில் விரைவு சார்ஜரையே பயன்படுத்தப் போகிறேன். ஒரே ஓர் ஐயம். அமைப்புகளில், 80 விழுக்காட்டோடு சார்ஜிங்கை நிறுத்திக்கொள்ளும் வசதி இருக்கிறது. அதைப் போட்டுவைத்தால் பேட்டரி நெடுநாள் உழைக்கும் என்கிறார்கள். ஆனால் எனக்கோ மாலைவரை சார்ஜ் போதாது. மதியம் வண்டியில் போடக் கூடாது என்றால் வேறு என்ன வழி?

மதுரை சர்வீஸ்காரர்:

வீட்டிலும் அலுவலகத்திலும் இருப்பவர்களுக்கு 80 விழுக்காட்டு வரம்பு மிக நல்லது; அவர்கள் தயங்காமல் போட்டுக்கொள்ளலாம். உங்களுக்கு அது கட்டாயம் இல்லை. 100 வரை ஏற்றுவது தவறல்ல; ஏற்றியபின் அங்கேயே நெடுநேரம் நிற்பதுதான் கெடுதல். நீங்கள் எட்டு மணிக்கு 100-இல் கிளம்பினால், திரையும் ஜிபிஎஸ்ஸும் ஒன்பது மணிக்குள் அதைக் கீழே இறக்கிவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அந்த வரம்பைப் போட்டுக்கொள்ளுங்கள். இரவில் செருகித்தான் ஆக வேண்டும் என்ற நாட்களில், விழிக்கும் நேரத்தைக் கணித்து 80-இல் நிறுத்திவைத்து விடியும் வேளையில் மீதியை ஏற்றும் வசதி உங்கள் கைபேசியில் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். ஐஃபோனில் அது 2019 முதலே இருக்கிறது, ஆண்ட்ராய்டு கைபேசிகள் பலவற்றிலும் வந்துவிட்டது.

மதியத்துக்கு என் யோசனை இது. சாப்பிட உட்காரும் இடத்திலோ, மருத்துவரைச் சந்திக்கக் காத்திருக்கும் அறையிலோ, கைபேசியின் சூடு தணிந்தபின் உங்கள் 80 வாட் சார்ஜரில் பத்துப் பதினைந்து நிமிடங்கள் போட்டால், 30, 40 விழுக்காட்டிலிருந்து மாலைக்குப் போதுமான அளவுக்கு ஏறிவிடும். விரைவு சார்ஜர் உண்மையிலேயே கைகொடுக்கும் இடம் அதுதான். வெயிலிலிருந்து வந்த கையோடு செருகினால் கைபேசி தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் என்பதால் ஐந்து நிமிடம் பொறுத்துப் போடுவதில் உங்களுக்கு நேர இழப்பும் இல்லை. சூடு தணியட்டும் என்று குளிர்சாதனப் பெட்டிக்குள் மட்டும் வைத்துவிடாதீர்கள்; உள்ளே ஈரம் படிந்து போர்டே கெட்டுப்போகும். வண்டியில் பழகிய வழியென்றால் வரைபடம் இல்லாமலே போங்கள். தெரியாத வழியென்றால் குரல்வழிகாட்டியைக் காதில் கேட்டுக்கொண்டு, கைபேசியைத் திரை அணைத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.