1966இல் நடந்தது அரங்கேற்றமா, அரைகுறையா?

மூன்றாம்வரிசை: "அக்டோபர் புரட்சியின் 20ஆம் ஆண்டு விழாவுக்குப் சோவியத் இசையமைப்பாளர் புரோகோஃபியெவ் எழுதிய கண்டாட்டா 1966ல மாஸ்கோவில் அரங்கேறியது"ன்னு சுதிபேதம் நேத்து எழுதியிருக்கார். படிச்சதும் பத்திக்கிட்டு வந்தது. கண்டாட்டான்னா கோரஸும் ஆர்க்கெஸ்ட்ராவும் சேர்ந்து நிகழ்த்தற பல பகுதி இசை. இதுல மொத்தம் 10 பகுதி. ஸ்டாலின் பேச்சுக்கு இசையமைச்ச 8, 10 ரெண்டையும் வெட்டிட்டுதான் ஆர்க்கெஸ்ட்ரா நடத்துநர் கோந்திராஷின் மேடை ஏத்தினார். அதுக்குப் பேர் அரங்கேற்றமா?

சுதிபேதம்: 1937ல எழுதி முடிச்சது. 29 வருஷம் பெட்டியில கிடந்தது. எழுதினவர் 1953லயே போய்ச் சேர்ந்துட்டார். கடைசியில முதல்முறையா மேடை ஏறினதுக்குப் பேர் அரங்கேற்றம் இல்லாம, காதுகுத்தா?

மூன்றாம்வரிசை: காதையே அறுத்துட்டு காதுகுத்துக்குப் பத்திரிகை அடிக்காதீங்க. எழுதின முடிவே அங்க இல்ல, 2ஆவது பகுதியைத் திரும்பப் பாடி ஒப்பேத்தினாங்க. தில்லானாவை விட்டுட்டு புஷ்பாஞ்சலியை ரெண்டு தரம் ஆடி இறங்கினா, உங்க பொண்ணுக்கு அரங்கேற்றம் ஆச்சுன்னு சொல்வீங்களா?

சுதிபேதம்: என் பொண்ணை ஏன் இழுக்கறீங்க?

பழையரேடியோ: அதை விடுங்கப்பா. ஸ்டாலின் பேச்சையே பாட்டாக்கினதை ஸ்டாலின் இருந்தப்பவே ஏன் பாட விடல?

சுதிபேதம்: சோவியத் அரசோட கலை விவகாரக் குழுத் தலைவர் கெர்ஷென்த்செவ் ஒத்துக்கல. மக்களோட வாசகத்தை எடுத்துப் புரியாத இசையில போட்டுட்டார்னு குறை. மார்க்ஸ், லெனின், ஸ்டாலின் உரைநடையை அப்படியே கோரஸுக்குக் கொடுத்தா வேற என்ன ஆகும்? 1966 வர்றதுக்குள்ள ஸ்டாலின் பேரே ஆகாமப் போச்சு, வெட்டிட்டாங்க.

மூன்றாம்வரிசை: "வெட்டிட்டாங்க"ன்னு உங்க வாயாலயே வந்துடுச்சு. நன்றி.

கோடைமழை: அக்டோபர் புரட்சிக்கு நவம்பர் 7ல லீவு விட்டவங்ககிட்ட போய் கணக்குக் கேக்கறீங்களே!

பழையரேடியோ: அது பழைய காலண்டர்ல அக்டோபர் 25 தம்பி. இது தெரியாமலா பின்னூட்டம் போட வந்தீங்க?

கோடைமழை: தெரியும் சார், கிண்டல்னா என்னன்னு உங்களுக்குத்தான் தெரியல. நான் 6ஆவது பகுதியை ஹெட்போன்ல கேட்டவன். சங்கு அலறுது, ஆபத்து மணி அடிக்குது, மெகாபோன்ல லெனின் கத்தறார், நடுவுல அக்கார்டியன் கூட்டம் வேற. வயர் கழண்டதும் கீழ்வீட்டுக்காரர் தீயணைப்பு வண்டின்னு நினைச்சு படியேறி வந்துட்டார்.

சுதிபேதம்: ஆர்மோனியத்தைத் தோள்ல மாட்டின மாதிரி இருக்குமே, அந்த அக்கார்டியன்தானே?

மூன்றாம்வரிசை: அக்கார்டியன் வேற, ஆர்மோனியம் வேற. போன வருஷம் நாதஸ்வரத்தை கிளாரினெட்னு எழுதினவர்தானே நீங்க? 1992ல நடத்துநர் நீமே யார்வி பண்ணின பதிவுல 10 பகுதியும் இருக்கு. லெனின் வாசகத்தைப் பேசறது இன்னொரு நடத்துநர் ரோஷ்தெஸ்த்வென்ஸ்கி. அதைக் கேட்டுட்டு வாங்க. 500 பேர் வேணும்னு எழுதினவருக்கு எட்டே பகுதி! அது அரங்கேற்றம் இல்ல.

சுதிபேதம்: யார்வியை நான் கேசட்லயே கேட்டவன். முதல்முறை மேடை ஏறினது 1966. அரங்கேற்றம்தான். நாதஸ்வரம் தட்டச்சுப் பிழைன்னு அன்னைக்கே சொன்னேன்.

மூன்றாம்வரிசை: "கிளாரினெட்"னு அஞ்சு இடத்துல தட்டச்சுப் பிழையா? 8உம் 10உம் எங்க?