அம்மா பிறந்த தோட்டத்தைத் தேடி மலையகம் போனோம்: தயாராவது பற்றிச் சில அனுபவங்கள்

குன்னூரிலிருந்து

இலங்கை மலையகத்தில் பெற்றோர் பிறந்த தோட்டத்தைப் பார்க்கப் போனவர்கள் எப்படித் தயாரானீர்கள் என்று கேட்டிருந்தீர்கள். நாங்கள் 2024 மார்ச்சில் போய்வந்தோம். அம்மாவுக்கு அப்போது 66 வயது. மஸ்கெலியா பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். இந்திய வம்சாவளித் தோட்ட மக்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப வழிசெய்த 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 1972-ல் குடும்பத்தோடு கப்பலேறியபோது வயது 14. தலைமன்னார், ராமேஸ்வரம், வந்தவர்களைத் தங்க வைத்த மண்டபம் கேம்ப், அப்புறம் குன்னூர். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போனதே இல்லை.

விசா, டிக்கெட் எல்லாம் ஒரு வாரத்தில் முடிந்தது. தோட்டம் எது என்று கண்டுபிடிக்கத்தான் படாத பாடு பட்டோம். தாத்தாவின் குடும்ப அட்டையில் இங்கிலீஷில் ஒரு பெயர் இருக்கிறது. அம்மா சொல்வதோ வேறு பெயர். அங்கே வெள்ளைக்காரத் துரைமார் வைத்த பெயர் ஒன்று, நம் ஆட்கள் கூப்பிட்ட பெயர் இன்னொன்று. அதோடு, 1970-களில் தோட்டங்களை அரசு எடுத்துக்கொண்டது, 1992-ல் நிர்வாகம் மறுபடி கம்பெனிகள் கைக்குப் போனது. இதற்கு நடுவில் எங்கள் தோட்டம் பக்கத்துத் தோட்டத்தின் ஒரு பிரிவாக, டிவிஷனாக, ஆகிவிட்டது. இது தெரியாமல் மேப்பில் அகப்பட்ட பெயரை நம்பிப் போய் முதல் நாள் பாதியை வீணாக்கினோம்.

உருப்படியாக நான் செய்தது ஒன்றுதான். கிளம்புவதற்கு முன்னால் இரண்டு வாரம், ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் நோட்டும் பேனாவுமாக அம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன். "தோட்டத்துப் பேர் என்னம்மா?" என்று கேட்டால் ஒரே வரியில் பதில் முடிந்துவிடும். "பிரட்டுக் களத்துலேருந்து உங்க லயத்துக்கு எப்படிம்மா போவீங்க?" என்று கேட்ட அன்றைக்குத்தான் ஆரம்பித்தார். (பிரட்டுக் களம் என்றால் காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரித்துக் கொடுக்கும் இடம், லயம் என்றால் தொழிலாளர்களின் வரிசை வீடு, காம்பரா என்றால் அறை, ஸ்டோர் என்றால் தேயிலை ஃபாக்டரி.) ஸ்டோருக்குக் கீழே ஓடை, ஓடையைத் தாண்டினால் மாரியம்மன் கோயில், கோயிலுக்கு மேலே வேலைக்குப் போகும் பெண்களின் குழந்தைகளை வைத்துப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பரா, அதற்குப் பின்னால் மூன்றாவது லயம், அதில் கடைசிக் காம்பரா. கேட்கக் கேட்க நான் படமே வரைந்துவிட்டேன். டவுனுக்குப் போகும் பாதையையும் சொல்லிக்கொண்டே வந்தவர், "ஆனா அந்த டவுனுதான் தண்ணிக்குள்ள போயிருச்சே" என்று நிறுத்தினார்.

அது உண்மைதான். பழைய மஸ்கெலியா டவுன் 1960-களின் கடைசியில் மவுசாகலை நீர்த்தேக்கத்துக்குள் போய்விட்டது. இப்போதிருக்கும் டவுன் மேட்டில் கட்டியது. நாங்கள் போன சமயம் தண்ணீர் இறங்கி, பழைய கோயிலின் சுவர் வெளியே தெரிந்தது. அம்மா வேனை நிறுத்தச் சொல்லி இறங்கினார். கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் நின்றார். நான் ஒன்றும் கேட்கவில்லை.

தோட்டத்து கேட்டில் காவல்காரர் மறித்தார். இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: தோட்டம் கம்பெனி பொறுப்பில் இருக்கிறது, நம் பாட்டன் உழைத்த இடமென்று நேராக நுழைய முடியாது. முன்கூட்டியே போன் பண்ணி மேனேஜரிடம் அனுமதி வாங்குவது நல்லது. நாங்கள் வாங்கவில்லை. ஒரு மணி நேரம் வெயிலில் நின்றோம்.

உள்ளே போனதும் குடும்ப அட்டையின் ஜெராக்ஸைக் காட்டி, தாத்தா பெயரைச் சொல்லி நாலைந்து பேரிடம் கேட்டேன். எல்லோரும் உதட்டைப் பிதுக்கினார்கள். லயத்து வாசலில் எண்பது வயதிருக்கும் ஒரு பாட்டி உட்கார்ந்திருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மாவே முன்னால் போய், "பிள்ளைக் காம்பரா ஆயம்மா மகள் நான்" என்றார். பாட்டி அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சின்னவளா நீ? ஏம் புள்ளைங்க மூணையும் ஒங்கம்மாதானே தொட்டில்ல போட்டு ஆட்டுச்சு!"

அவ்வளவுதான், லயமே கூடிவிட்டது. அம்மாவின் அம்மா, அதாவது என் பாட்டி, கொழுந்தெடுக்கும் பெண்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர் என்பது எனக்கும் தெரியும். ஆனால் என் நோட்டில் அது இல்லை. பெயர், பிறந்த வருடம், அட்டை நம்பர் என்று என்னென்னவோ எழுதி வைத்திருந்தேன். போகிறவர்கள் உங்கள் ஆட்களை அங்கே எப்படிக் கூப்பிட்டார்கள், என்ன வேலை செய்தார்கள் என்பதை முதலில் எழுதுங்கள்.

கூடலூரிலிருந்து

எங்கள் கதை வேறு. அப்பாவின் லயத்தை இடித்துவிட்டார்கள், அந்த இடத்தில் இப்போது தேயிலைதான். அப்பா முகம் வாடிவிட்டது. வேன் டிரைவர்தான் கம்பளை பக்கம் ஓல்ட் பீகொக் தோட்டத்தில் இருக்கும் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போனார். பழைய லயக் காம்பராக்களையே அருங்காட்சியகமாக்கி வைத்திருக்கிறார்கள். தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்துக் கத்தியைப் பார்த்ததும் அப்பா அதை எப்படிப் பிடித்து வெட்ட வேண்டும் என்று வெறும் கையால் காட்ட ஆரம்பித்துவிட்டார். பக்கத்தில் நின்ற பள்ளிக்கூடப் பிள்ளைகள் அவரைச் சுற்றிக்கொண்டார்கள். தோட்டம் கிடைக்காமல் போனாலும் போக ஓர் இடம் வேண்டும், அதை முதலிலேயே திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கோத்தகிரியிலிருந்து

என் மாமியார் வர மறுத்துவிட்டார். "ஹட்டன் ஸ்டேஷன்ல கோச்சி கெளம்பறப்ப அழுத அழுகை போதும்" என்றார். நாங்கள் மட்டும் போய் லயத்திலிருந்து வீடியோ கால் போட்டோம். பார்க்க மாட்டேன் என்றவர் முக்கால் மணி நேரம் போனை வைக்கவில்லை. அதனால் கட்டாயப்படுத்தாதீர்கள், போனில் மட்டும் நிறைய டேட்டா போட்டுக்கொண்டு போங்கள்.

மறுபடி குன்னூரிலிருந்து

இரண்டு கேள்விக்குப் பதில். எப்போது போகலாம் என்று கேட்டவருக்கு: டிசம்பரிலிருந்து மே வரை, பக்கத்திலிருக்கும் சிவனொளிபாதமலைக்கு யாத்திரை போகும் சீசன். சனி, ஞாயிறிலும் பௌர்ணமிக்கும் மஸ்கெலியா ரோட்டில் வண்டி நகராது, வார நாளில் போங்கள். ஸ்வெட்டர் கட்டாயம்.

என்ன வாங்கிக்கொண்டு போவது என்று கேட்டவருக்கு: நாங்கள் நாலு நூல் சேலையும் இரண்டு கிலோ ஊட்டி வர்க்கியும் கொண்டு போனோம். வர்க்கி பாதிக்கு மேல் பெட்டிக்குள்ளேயே தூளாகிவிட்டது. எனக்குக் கொடுக்கவே கூச்சம். லயத்து வாசலில் பார்த்த அந்தப் பாட்டி தூளைக் கோப்பையில் கொட்டி, மேலே பால் இல்லாத பிளேன்டீ ஊற்றி, கரண்டியால் அள்ளிச் சாப்பிட்டார். "அடுத்த தடவையும் ஒடைச்சே கொண்டாங்க, எனக்குப் பல்லு இல்ல" என்றார்.