மகனைக் "கல்லூரிக் கணிதத்தில்" போட்டிருக்கிறார்கள், நாளைக் காலை கையெழுத்து வைக்கவேண்டும்

கொக்குவில் தாய்:
வணக்கம். நாங்கள் வந்து மூன்று கிழமைதான். மகனின் பாடசாலையில் பாடத்தெரிவுப் படிவம் தந்திருக்கிறார்கள். நாளைக் காலை எட்டரைக்குக் கையெழுத்துடன் போகவேண்டும். கணிதத்துக்கு எதிரே "கல்லூரி" என்று போட்டிருக்கிறது. நல்ல பிரிவுதானே என்று கையெழுத்து வைக்கப் போனேன். மகன் பேனையைப் பிடுங்கிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டான். சாப்பிடவும் வரவில்லை. பொறியியலாளர் ஆகவேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே சொல்லி வருகிறவன். இவர் இரவு வேலைக்குப் போய்விட்டார். அங்கே தொலைபேசி எடுக்க விடமாட்டார்கள். நான் கையெழுத்து வைக்கலாமா?

ஈஸ்ட்ஹாம் அண்ணா:
தங்கச்சி, கணிதத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், எங்கள் பிள்ளைகளுக்கு அது வரும். ஆங்கிலத்தைக் கவனியுங்கள். நான் 1999இல் இலண்டன் வந்து பெற்றோல் நிலையத்தில் இரவு வேலைக்கு நின்றவன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று வாடிக்கையாளர் என்ன கேட்கிறார் என்று விளங்காமல் எல்லோருக்கும் சிகரெட்டையே எடுத்து நீட்டியிருக்கிறேன். உங்கள் மகன் ஜி.சி.எஸ்.இ., அதாவது இங்கத்தைய சாதாரண தரம், முடித்ததும் ஏ லெவலில், அதாவது உயர்தரத்தில், கணிதத்தையும் மேலதிகக் கணிதத்தையும் சேர்த்தே எடுக்கட்டும். ஏ லெவல் கணிதத்தில் தூய கணிதத்தோடு புள்ளிவிபரவியலும் இயக்கவியலும் கட்டாயம். ஊரில் இணைந்த கணிதம் தொட்ட பிள்ளை என்றால் இயக்கவியல் பழைய சோறு.

சிட்னி முருங்கை:
அண்ணா, அக்கா எந்த நாடு என்றே சொல்லவில்லையே! அக்கா, நீங்கள் சிட்னியாக இருந்தால் ஸ்டான்டர்ட் கணிதத்தை விட்டுவிட்டு அட்வான்ஸ்ட் கேளுங்கள். அதற்கு மேல் எக்ஸ்டென்ஷன் 1, எக்ஸ்டென்ஷன் 2 என்று போகும். சிக்கலெண்கள் இரண்டாவதில்தான் வரும். என் மகள் மூன்றையும் எடுத்துவிட்டு இப்போது சட்டம் படிக்கிறாள். அது வேறு கதை.

கொக்குவில் தாய்:
மன்னிக்கவேண்டும், பதற்றத்தில் எழுதாமல் விட்டுவிட்டேன். கனடா. ஸ்காபரோ.

பனி தள்ளுபவன்:
அப்படியென்றால் நான் சொல்வதைக் கேளுங்கள் அக்கா. கொடுத்ததை எடுக்கட்டும். பல்கலைக்கழகம் பார்ப்பது மார்க்கைத்தான். சுலபமான கணிதத்தில் 95 வாங்குவது நல்லதா, கடினமானதில் 65 வாங்குவது நல்லதா? நான் வந்த முதல் மாரியில் சப்பாத்துக்குள் பொலித்தீன் பையைக் கட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றவன். என்னிடம் எவரும் எந்தப் பாடம் வேண்டும் என்று கேட்கவில்லை.

மார்க்கம் மச்சாள்:
மகா பிழையான ஆலோசனை. அக்கா, கையெழுத்து வைக்காதீர்கள். விபரமாக எழுத வருகிறேன், சோறு அடுப்பில் இருக்கிறது.

ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், கோண்டாவில்:
இதைப் படித்ததும் மனம் நொந்தது. அங்கே பிள்ளைகளின் கையில் கணிப்பானைக் கொடுத்துவிட்டுக் கணிதம் படிப்பிக்கிறார்கள். இங்கே சாதாரண தரப் பரீட்சைக்கு இன்றும் மடக்கை அட்டவணைதான். ஏழையும் எட்டையும் பெருக்கப் பொத்தானை அழுத்துகிறவன் எப்படிப் பொறியியலாளர் ஆவான்?

பனி தள்ளுபவன்:
ஐயா, உங்கள் மாணவர்களும் இங்கே வந்து பொத்தானைத்தான் அழுத்துகிறார்கள். ஊரில் காலை ஐந்து மணிக்கே டியூசன், பின்னேரம் இன்னொரு டியூசன். இங்கே வந்தாலும் சனி ஞாயிறு டியூசன். பிள்ளை எப்போது நித்திரை கொள்வான்?

ஈஸ்ட்ஹாம் அண்ணா:
டியூசன் கட்டணத்தைப் பற்றி மட்டும் பேசாதீர்கள். இங்கே ஒரு மணித்தியாலத்துக்கு வாங்குகிற காசில் ஊரில் ஒரு மாதத்துச் சாமான் வாங்கலாம்.

சிட்னி முருங்கை:
பிளாஸ்டிக் கதிரையில் இருநூறு பேரோடு நெருக்கியடித்து இருந்து, ஒலிபெருக்கியில் வகையிடல் படித்த தலைமுறை நாங்கள். முன் வரிசைக்கு மட்டும் மின்விசிறிக் காற்று வரும்.

ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், கோண்டாவில்:
பின் வரிசைக்கும் விளங்கியது, தம்பி. அதுதான் விஷயம்.

மார்க்கம் மச்சாள்:
மின்விசிறியை நிறுத்திவிட்டு அக்காவின் படிவத்துக்கு வருவோமா? அக்கா, மகனுக்கு எத்தனை வயது? ஊரில் எதுவரை படித்தான்? படிவத்தில் பாடத்தின் பெயருக்குப் பக்கத்தில் எழுத்தும் எண்ணுமாக ஒரு குறியீடு இருக்கும். அதை அப்படியே எழுதுங்கள்.

கொக்குவில் தாய்:
17 வயது. சாதாரண தரத்தில் கணிதம் ஏ. உயர்தரம் கணிதப் பிரிவில் எட்டு மாதம் படித்தான். குறியீடு எம்.பி.எஃப்.3சி. இந்த வகுப்பில் நேற்று ஒரு வீட்டுவேலை கொடுத்தார்கள். ஒரு கார் வாங்கினால் காப்புறுதிக்கும் எரிபொருளுக்கும் வருடத்துக்கு எவ்வளவு போகும் என்ற கணக்கு. தேநீர் ஆறுவதற்குள் முடித்துவிட்டு, கொப்பியின் கடைசிப் பக்கத்தில் தானாக ஏதோ தொகையிடல் செய்துகொண்டிருந்தான்.

மார்க்கம் மச்சாள்:
நினைத்தேன். உங்களைக் குழப்பியது "கல்லூரி" என்ற சொல்தான். யாழ்ப்பாணத்தில் பெரிய பாடசாலைகளுக்குத்தான் அந்தப் பெயர். இந்துக் கல்லூரி, ஹாட்லிக் கல்லூரி என்று கேட்டு வளர்ந்த காதுக்கு அது பெருமையாகவே ஒலிக்கும். நாங்கள் இருக்கிற இந்த ஒன்ராறியோ மாகாணத்தில் கல்லூரி என்றால் பெரும்பாலும் டிப்ளோமா கொடுக்கிற, தொழிலுக்குத் தயார்செய்கிற நிறுவனம். மோசமான வழி அல்ல, என் கணவரும் அப்படிப் படித்தவர்தான். உங்கள் மகன் கேட்கிற வழி அது அல்ல, அவ்வளவுதான்.

குறியீட்டின் கடைசி எழுத்தைப் பாருங்கள். சி கல்லூரிக்கு, யூ பல்கலைக்கழகத்துக்கு, எம் இரண்டுக்கும் பொது. எண் 3 என்றால் தரம் 11, 4 என்றால் தரம் 12. எம்.பி.எஃப்.3சி எடுத்தால் அடுத்த வருடம் எம்.ஏ.பி.4சி, அதோடு பாதை முடிந்தது. அவன் கேட்கவேண்டியது எம்.சி.ஆர்.3யூ. சார்புகள், திரிகோண கணிதம், அடுக்குக்குறிச் சார்புகள், தொடரிகள் எல்லாம் அதில் வரும். அது இருந்தால்தான் தரம் 12இல் உயர்நிலைச் சார்புகள், அதாவது எம்.எச்.எஃப்.4யூ. அதற்குப் பின்னரோ அதோடு சேர்த்தோ நுண்கணிதமும் காவிகளும், அது எம்.சி.வி.4யூ. ரொறொன்ரோ, வாட்டர்லூ போன்ற பல்கலைக்கழகங்களில் பொறியியலுக்கு இந்த இரண்டும் கேட்பார்கள். பனி தள்ளுகிற அண்ணாவின் 95 அங்கே விண்ணப்பிக்கவே உதவாது.

பனி தள்ளுபவன்:
சரி, அது எனக்குத் தெரியாது. ஆனால் ஏன் தரம் 11? எட்டு மாதம் உயர்தரம் படித்தவனை நேரே தரம் 12இல் போடச் சொல்லலாமே.

மார்க்கம் மச்சாள்:
கேட்கலாம். ஊரில் படித்ததற்கு எத்தனை கிரெடிட், அதாவது முடித்த பாடங்களுக்கான அலகு, தருவது என்று தீர்மானிப்பவர் அதிபர்தான். உயர்பாடசாலை டிப்ளோமா வாங்க மொத்தம் 30 கிரெடிட் வேண்டும், அதில் கணிசமானது அப்படி வந்துவிடும். என் எண்ணம், கணிதத்தில் மட்டும் அவசரப்படவேண்டாம். பல்கலைக்கழகம் கணக்கெடுப்பது தரம் 12 மார்க்கை. ஊரில் தமிழில் படித்தவன் "சார்பு" என்று தலைக்குள் வைத்திருப்பதை ஆங்கிலத்தில் சொல்லவும், விடையை வசனமாக எழுதவும் ஒரு அரையாண்டு பழகட்டும். எம்.சி.ஆர்.3யூ இப்போது, பெப்ரவரியில் எம்.எச்.எஃப்.4யூ என்று ஒரே வருடத்தில் முடிக்கலாம். நேரம் போதாவிட்டால் கோடைப் பாடசாலை இருக்கிறது.

நாளை கையெழுத்து வைக்காமல் மகனோடு நீங்களே போங்கள். வழிகாட்டல் ஆசிரியரிடம் குறியீட்டைச் சொல்லியே கேளுங்கள், "நல்ல கணிதம்" என்று கேட்காதீர்கள். சாதாரண தரப் பெறுபேற்றையும் உயர்தரக் கொப்பிகளையும் கொண்டுபோங்கள். எழுதச் சொன்னால் அங்கேயே ஒரு கணக்கை அவன் எழுதிக் காட்டட்டும்.

கொக்குவில் தாய்:
கதவுக்கு வெளியே நின்று குறியீட்டைச் சத்தமாக வாசித்தேன். திறந்துவிட்டான். இப்போது புட்டைச் சாப்பிட்டுக்கொண்டே கொப்பிகளை அடுக்குகிறான். ஆனால் பெறுபேற்றுப் பத்திரம் கொக்குவிலில் அம்மாவின் அலுமாரிக்குள் இருக்கிறது.

ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், கோண்டாவில்:
பரீட்சைச் சுட்டெண் நினைவிருந்தால் பரீட்சைத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் பெறுபேற்றைப் பார்க்கலாம், அதை அச்சிட்டு நாளைக்குக் கொண்டுபோகட்டும். மூலப்பிரதியைப் படமெடுத்து அனுப்ப வீட்டில் யாரும் இல்லையா?

கொக்குவில் தாய்:
தங்கச்சி இருக்கிறாள், ஐயா. அலுமாரித் திறப்புத்தான் என்னோடு ஸ்காபரோவுக்கு வந்துவிட்டது. பூட்டை உடைக்கச் சொல்லியிருக்கிறேன்.