காவல் நிலைய கேமரா பதிவைப் பெற வழி சொல்லுங்கள்

வழக்கறிஞர் நண்பர்களிடம் அவசரமாக ஓர் உதவி கேட்கிறேன். என் அக்கா மகனைத் திருட்டு விசாரணை என்று அழைத்துப் போய், இரவு முழுவதும் நிலையத்தில் வைத்து அடித்துவிட்டு, வழக்கே போடாமல் காலையில் அனுப்பிவிட்டார்கள். உள்ளங்கால்கள் கன்றிப்போய் அவனால் செருப்புப் போட முடியவில்லை. அரசு மருத்துவமனையில் ‘கீழே விழுந்தான்’ என்று சொல்லும்படி மிரட்டினார்கள். அக்கா மறுத்துவிட்டார். விபத்துப் பதிவேட்டில் உண்மையே பதிவாகியிருக்கிறது.

காவல் நிலைய கேமரா பதிவுகளைக் குறைந்தது ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும் என்று 2020இல் பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ‘கேமரா பழுது’ என்று கைவிரிப்பதற்குள் அந்தப் பதிவைக் காப்பாற்ற வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் போதுமா, மாஜிஸ்திரேட்டிடம் மனு கொடுக்க வேண்டுமா? மாநில மனித உரிமை ஆணையத்துக்கு ஓராண்டுக்குள் போக வேண்டும் என்று தெரியும். அதோடு நீதிமன்றத்தில் தனிநபர் புகாரும் தொடரலாமா?

காவலர்மீது வழக்கு நடத்த அரசின் முன் அனுமதி வேண்டும் என்கிறார் எங்கள் ஊர் வக்கீல். லாக்கப்பில் வைத்து அடிப்பது எப்படி அரசுப் பணியாகும்? அந்த அனுமதி தேவையில்லை என்று வாதாடி வென்ற தீர்ப்பு எதுவும் தெரிந்தால், வழக்கு எண்ணோடு தயவுசெய்து பதிலிடுங்கள்.